இரண்டரைக் குதிரை

நாலரைக்குக் காற்று செத்துவிடும்.
பூண்டிக்கு மேலே எஸ்டேட் அணையில் எப்போதும் அப்படித்தான்.
ஆறு மணிக்கு எனக்கு நைட் டூட்டி.
போன மாதம் நடுத்தண்ணீரில் பாய் துவண்டு
டிபன் பாக்ஸ் மூடியால் துடுப்புப் போட்டுக்
கரை சேர்ந்தபோது மணி ஏழு.
வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மை.
‘காரணம்’ என்ற கட்டத்தில்
காற்று இல்லை என்று எழுதினேன்.
டாக்டர் அதை ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று நினைத்து
இன்டென்ட் போட்டுவிட்டார்.

ஆகவே மோட்டார்.

தூத்துக்குடிக்குப் போன் போட்டேன்.
ஜெரோசின் பூபாலராயர், அவுட்போர்டு விற்பனை, ரிப்பேர்.
“எந்தக் கடற்கரை, மேடம்?”
“கொடைக்கானல் பக்கம்.”
கொஞ்ச நேரம் அலைச்சத்தம் மட்டும் கேட்டது,
அல்லது அது லைன் கோளாறு.

“எங்க பசங்க ஒம்பது குதிரைக்குக் கீழ
திரும்பியே பார்க்கிறதில்ல.
எடுக்கிறதே எடுக்கிறீங்க, அஞ்சா எடுத்துருங்க.”
படகு பன்னிரண்டடி என்றேன்.
“அப்ப அஞ்சு போட்டா பின்பக்கம் உக்காந்து
மூக்கைத் தூக்கிக்கும்” என்று
அவரே தன் வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டார்.

பேட்டரி மோட்டார் சத்தமே போடாது. ஆசைதான்.
ஆனால் மழை பிடித்தால் எங்களுக்கு
மூன்று நாள் கரண்ட் கிடையாது.
தடுப்பூசிப் பெட்டிக்கே ஐஸ் தேடி அலைகிறவள்
படகுக்கு எங்கே போய் சார்ஜ் போட?

“பின்பலகை உசரம் அளந்து சொல்லுங்க.
தண்டு குட்டையா நெட்டையாங்கிறது அதுலதான் இருக்கு.
நெட்டை போட்டா அடி தட்டும்,
குட்டை பத்தலைன்னா காத்தைக் குடிக்கும்.”
கர்ப்பிணிகளின் வயிறு அளக்கிற டேப்தான் பையில் இருந்தது.
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
மாசம் நிறைந்த அளவு.
தலை இறங்கியிருக்கிறதா என்று, பழக்கதோஷம்,
பலகையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன்.
“குட்டையே போதும்” என்றார்.

“கடல் மட்டத்துக்கு மேல எவ்வளவு இருப்பீங்க?”
“ஆறாயிரத்து ஐந்நூறு அடி.”
“அப்ப ரெண்டரைக் குதிரை வாங்கினா
அங்க ரெண்டுதான் ஓடும். காத்து மெல்லிசு.
ஜெட்டைச் சின்னதா மாத்தி அனுப்புறேன்,
இல்லன்னா கரும்புகையா இருமும்.”

எனக்கு இது புதிதில்லை.
சமவெளியிலிருந்து வருகிறவர்களின் விரலில் கிளிப் மாட்டினால்
தொண்ணூற்றொன்று காட்டும்.
நாற்காலி போட்டு உட்காரச் சொல்வோம்.
அரைக் குதிரை பெருமாள்மலையிலேயே இறங்கி
டீக்கடை ஓரம் நின்றுவிடும் போல.

கடைசியாகக் கேட்டார்:
“கழட்டி மாட்ட எத்தனை பேர் இருப்பீங்க?”
விலைப்பட்டியலில் இல்லாத கேள்வி.

ஒருத்திதான்.

“பதினேழு கிலோ. தூக்கிருவீங்களா?”
எழுபது கிலோ ஆண்களை
விரிப்போடு உருட்டிக் கட்டில் மாற்றுகிறவள் நான்.
அந்த விரிப்பின் மறுமுனையை
எப்போதும் யாராவது பிடித்திருப்பார்கள் என்பதை
அவரிடம் சொல்லவில்லை.
மறுநாள் சந்தையில் பதினேழு கிலோ கேரட் நிறுத்து வாங்கி
வாசலிலிருந்து அடுப்படிக்கும்
அடுப்படியிலிருந்து வாசலுக்கும்
ஒரு வாரம் சுமந்தேன்.
மூட்டை குறையாமலிருக்க
பக்கத்துவீட்டு ஆட்டை வேறு விரட்ட வேண்டியிருந்தது.
ஏழாம் நாள் பணம் அனுப்பினேன்.

வியாழக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்தது.
வைக்கோல் திணித்த பெட்டி, ஓரமெல்லாம் உப்பு வாசம்,
பூண்டு மூட்டைகளுக்கு நடுவே
வழி தவறி வந்த விருந்தாளி மாதிரி.
“உள்ள என்ன சிஸ்டர்?” என்றார்
கண்டக்டர் துரைச்சிங்கம்.
குதிரை என்றேன்.
எத்தனை என்று கேட்டபடி
லக்கேஜ் புத்தகத்தைப் புரட்டினார்.
ரெண்டு என்றேன்.
பெட்டியின் மேல் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்து
இரண்டரைக்கே டிக்கெட் கிழித்தார்.